ஒட்டும் தையலும்

இருமுங்க என்றார் டாக்டர் பர்வீன்.
இருமினேன்.
அவர் விரலுக்கு அடியில்
தவளை போல எட்டிப் பார்த்துவிட்டு
உள்ளே போனது.

இரண்டு வருஷம்
லுங்கி மடிப்புக்குள் வைத்து வளர்த்தேன்.
படுத்தால் மறையும், நின்றால் வரும்.
கொண்டலாம்பட்டி பைபாஸில்
லாரித் தார்ப்பாய் தைப்பவன் நான்.
நனைந்த பாய் எழுபது கிலோ.
தோளில் ஏற்றும்போதெல்லாம்
இடது கையால் அதை அமுக்கிக்கொள்வேன்,
கூட்டத்தில் சட்டைப்பைப் பணத்தைத்
தொட்டுப் பார்ப்பது மாதிரி.
மனைவியிடம் வாயுப்பிடிப்பு என்று சொல்லியிருந்தேன்.

டாக்டர் இழுப்பறையிலிருந்து
ஒரு துண்டு எடுத்துக் காட்டினார்.
உள்ளங்கை அகலம், வெள்ளை,
கொசுவலையைவிடக் கொஞ்சம் தடிமன்.
தொழில் புத்தி:
குறுக்கே இழுத்துப் பார்த்தேன், நெடுக்கே இழுத்தேன்.
பாலிப்ரோப்பிலீன் என்றார்.
சாக்குக் கடையில் பி.பி. என்போம் என்றேன்.
அன்றைக்கு அப்போதுதான் சிரித்தார்.

கிழிசலை இரண்டு விதமாய் மூடலாம்.
ஓரங்களை இழுத்துக் கூட்டித் தைத்தால்
பாய் பாயாகவே இருக்கும்;
ஆனால் கயிறு இறுகும் நாளில்
முதலில் வாய் திறப்பது அந்தத் தையல்தான்.
அடியில் ஒட்டு வைத்தால் இழுவை இல்லை.
என்றாலும் ஒட்டு ஒட்டுதான்.
வெயிலில் அது ஒரு மாதிரி சுருங்கும்,
பாய் ஒரு மாதிரி.

நான் சொல்லி முடித்ததும்
அதேதான் என்றார்.
"உங்களுக்கு வலை வைக்கிறேன்.
திரும்ப இறங்குவது குறைவு.
சிலருக்கு அந்த இடம் மரத்துப்போகும்,
சிலருக்கு வலி தங்கிவிடும்.
யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல
எனக்குத் தெரியாது."

அந்தக் கடைசி வரிக்காகத்தான்
கையெழுத்துப் போட்டேன்.

முதுகில் ஊசி. கால்கள் காணாமல் போயின.
பச்சைத் துணிக்கு அந்தப்பக்கம்
யாரோ யாரையோ தைக்கிறார்கள்.
நூலை நறுக்கும் சத்தம் மட்டும்
எனக்குத் தெரிந்த சத்தம்.

மறுநாள் விடியலில்
பக்கத்துக் கட்டிலுக்கு வந்தார் வெள்ளையன்.
ஏற்காட்டுக்கு அப்பால் நாகலூர்.
சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி
மிளகு பறிக்கிறவர்.
இறங்கியது உள்ளே போகவில்லை.
ஜீப்பில் படுத்தபடி
கொண்டை ஊசி வளைவுகளை
இருபதிலிருந்து கீழ்நோக்கி எண்ணினாராம்.
ஆறோடு நினைவு தப்பிவிட்டது.

குடலில் ஒரு சாண் கறுத்திருந்தது.
வெட்டி இணைத்தார்கள்.
அழுக்குப் பட்ட இடத்தில் வலை ஆகாது.
அவர் சதையையே இழுத்து
அவருக்குத் தைத்தார்கள்.

"உனக்கு என்ன வெச்சாங்க?"
"வலை."
"எனக்கு ஒண்ணும் வெக்கலயாம்.
இருந்ததையே கட்டிட்டாங்களாம்."
பெருமையா, குறையா,
குரலில் பிடிபடவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
"வலையின்னா, மீனு பிடிக்கிறதா?"
சிரித்துவிட்டேன்.
அடிவயிறெல்லாம் நெருப்பு.
சிரிக்க வைக்காதய்யா என்றதும்
அவருக்கும் வந்துவிட்டது.
தொடைக்கு மேல் கையை அழுத்திக்கொண்டு
இரண்டு பேரும் முனகுவதைப் பார்த்து
நர்ஸ் ஊசியோடு ஓடிவந்தாள்.

எட்டு மாசம் ஆகிறது.
இடது தொடைக்கு மேலே கொஞ்ச இடம்
வேறு யாருடையதோ போல இருக்கிறது.
கிள்ளினால் செய்தி தாமதமாக வருகிறது.

வெள்ளையன் போன் செய்தார்.
"மரம் ஏறலாமான்னு கேட்டா
டாக்டரம்மா என்ன சொல்லும்?"
"ஏறாதேன்னு சொல்லும்."
"ஏறிட்டேன்."
இதுவரை ஒன்றுமில்லையாம்.
தும்மல் வந்தால் மட்டும்
அதற்கு முன்னாடியே
கை அங்கே போய் நிற்கிறதாம்.

எனக்கும்தான்.

நேற்று ஒரு நாமக்கல் வண்டி.
நடுவில் கிழிந்த பாய்.
இழுத்துத் தைக்கிறதா, ஒட்டா என்று
டிரைவர் பையன் கேட்கிறான்.
கிழிசலின் மேல் இரண்டு விரலை வைத்து
அவனைப் பார்த்து
இருமு என்று சொல்லப் போனேன்.